அம்மாச்சியின் அருவாமனையை எதில் மாடல் செய்வது?

“இது யாரு வீட்டு அருவாமனை?”

லேப்டாப்பை மடியில் வைத்துக் காட்டியபோது, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அம்மாச்சி கேட்ட முதல் கேள்வி இதுதான். மூன்று ராத்திரி கண் விழித்துச் செய்த மாடல். பலகை நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. விளிம்பெல்லாம் ஒரே சீராக உருண்டிருந்தது. இரும்பு பளபளத்தது. நீளம், அகலம், உயரம் எதிலும் ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை. ஆனாலும் அம்மாச்சி கேட்டது நியாயம்தான். பாத்திரக்கடை வாசலில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட புதுச் சரக்கு மாதிரிதான் இருந்தது அது.

டிசைன் வகுப்பில் கொடுத்த வேலை இது: உங்களுக்கு நெருக்கமான அன்றாடப் பொருள் ஒன்றை டிஜிட்டலாக மாடல் செய்து வாருங்கள், அது உங்களுக்கு ஏன் முக்கியம் என்பது மாடலைப் பார்த்தாலே தெரியவேண்டும். கெடு மூன்று வாரம். கடைசியில் ஒரு வரி: “மென்பொருள் உங்கள் விருப்பம்.” வகுப்பில் பாதிப்பேர் சறுக்கியது அந்த வரியில்தான். பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் யோசித்தோம். எதில் செய்வது என்பதை யோசிக்கவே இல்லை. தெரிந்த மென்பொருளைத் திறந்து உட்கார்ந்துவிட்டோம். எனக்குத் தெரிந்தது, அளவு கொடுத்து 3டி வடிவம் செய்யும் ஃபியூஷன். அதன் பலன்தான் மேலே சொன்ன கடைச் சரக்கு.

அடுத்த வருஷம் இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்காக, நான் மாற்றி மாற்றிப் பார்த்த நான்கு வழிகளையும் எழுதுகிறேன். முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை.

அம்மாச்சியின் அருவாமனை பலாமரப் பலகை. 38 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம். ஒரு காலை மடித்து உட்கார்ந்து, வலது பாதத்தால் பலகையின் பின்பக்கத்தை அழுத்திக்கொண்டு காய் நறுக்குவாள். ஐம்பது வருஷம் ஒரே இடத்தில் மிதித்து, அங்கே ஒரு குழி விழுந்திருக்கிறது. விரல் வைத்துத் தடவினால்தான் தெரியும். ஓரத்தில் 4 செ.மீ. கனமுள்ள பலகை அந்த இடத்தில் 3 செ.மீ.க்கும் குறைவு. இரும்பு, அடியில் அகலமாகக் கிளம்பி, வயிற்றுப் பகுதியில் ஒட்டிப்போய், நுனியில் தேங்காய் துருவும் பல்வட்டத்தோடு முடிகிறது. வயிறு ஒட்டியது சாணை பிடித்துப் பிடித்து. வேலை முடிந்ததும் இரும்பைப் பலகைமேல் மடக்கிச் சாய்த்துவிடலாம், கீல் ஒன்று இருக்கிறது. பலகையில் மஞ்சள் கறை, வாழைப்பூக் கறை. மீனுக்கு வேறு அருவாமனை. இதில் மீன் பட்டதே கிடையாது என்று அம்மாச்சி சத்தியம் பண்ணுவாள்.

ஆக, இந்த ஒரே பொருளில் மூன்று விதமான வடிவம். பலகை தேய்ந்த வடிவம், இரும்பு வளைந்த வடிவம், கீல் அசையும் வடிவம். மூன்றுக்கும் ஒரே மென்பொருள் சரிப்படும் என்று நினைத்தது என் முதல் தப்பு.

ஃபியூஷனில் இருந்தே தொடங்குகிறேன். இதில் எல்லாம் எண்தான். ஸ்கெட்ச் போட்டு அளவு கொடுத்தால் பலகை எழும்பும். அளவை மாற்றினால் பலகையும் மாறும். கீழே ஓடும் டைம்லைனில் எந்தப் படிக்கும் திரும்பிப் போய்த் திருத்தலாம். கீலுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. இரும்பையும் பலகையையும் தனித்தனி பாகமாகச் செய்து, நடுவில் சுழலும் ஜாயின்ட் வைத்து, எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும், எந்தக் கோணத்தில் படுக்கவேண்டும் என்று எல்லை கொடுத்துவிட்டால், மவுஸால் இழுக்கும்போது நிஜ அருவாமனை மாதிரியே மடங்கி நிமிரும். மதிப்பெண் போடுகிறவர் அதை இரண்டு முறை மடக்கிப் பார்ப்பார், நிச்சயம்.

மாணவர் என்று சான்று காட்டினால் ஃபியூஷன் இலவசம். சான்று கிடைக்கத் தாமதமானால் சொந்த உபயோகத்துக்கான இலவச உரிமம் இருக்கிறது. அதில் ஒரே சமயத்தில் பத்துக் கோப்புகளைத்தான் திருத்தும் நிலையில் வைத்துக்கொள்ள முடியும். இந்த வேலைக்குப் பத்து தாராளம்.

தடுமாறுவது குழியில். ஐம்பது வருஷப் பாதம் பதிந்த குழிக்கு என்ன ஆரம், என்ன ஆழம்? ஃபியூஷன் என்னிடம் எண் கேட்டது. என்னிடம் எண் இல்லை. ஆகவே தட்டையாக விட்டுவிட்டேன். தட்டிக் கொட்டி வளைக்க ஃபார்ம் என்று ஒரு பகுதி இருக்கிறது, களிமண் மாதிரி இழுக்கலாம். ஆனால் அதில் வருவது ஏதோ ஒரு குழி. அம்மாச்சியின் குழி வராது.

குழியை அளக்க முடியாது என்று இல்லை. சோம்பேறித்தனம்தான். பலகையின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலைப் படுக்க வைத்து, வெர்னியர் காலிப்பரின் வாலை இறக்கி, 2 செ.மீ.க்கு ஒரு புள்ளியாக ஆழம் எடுத்தேன். ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு. மொத்தம் 35 புள்ளி. சாக்பீஸால் பலகைமேலேயே கட்டம் போட்டுக்கொண்டேன். ஒரு சாயங்காலம் போயிற்று. இதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் வகுப்பில் கேட்ட ஒரு கதை ஞாபகம் வந்தது. 1972-ல் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில், கணினி வரைகலையின் முன்னோடி ஐவன் சதர்லாந்து தன் மாணவர்களை வைத்து ஒரு காரைக் கணினிக்குள் கொண்டுவந்தார். அவர் மனைவி மார்ஷாவின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். ஸ்கேனர் எதுவும் இல்லை. மாணவர்கள் காரின் உடம்பிலேயே புள்ளியும் கோடும் போட்டு, அளவுகோலால் ஒவ்வொன்றாக அளந்தார்கள். வீட்டு ஆளின் பொருளை எடுத்து வகுப்பு வேலையாக மாடல் செய்வது நேற்று வந்த யோசனை இல்லை. நான் கோடு போட்ட பலகையை அம்மாச்சி ஈரத்துணியால் துடைத்தது மட்டும் எனக்கே உரிய கஷ்டம். 35-ல் 20 புள்ளியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு ரைனோவுக்குப் போனேன். வளைவுக்கென்றே பிறந்த மென்பொருள் அது. புள்ளிகளின் வழியே வளைகோடு, வளைகோடுகளின்மேல் தோல் போர்த்தினாற்போல் பரப்பு. இதற்குப் பின்னாலுள்ள கணிதம் கார் கம்பெனிகளில் வளர்ந்தது. சித்ரோயனில் த காஸ்டெல்ஜோவும் ரெனோவில் பெசியேவும் கார் உடம்பின் வளைவைக் கணினிக்குச் சொல்லித்தரத் தேடிய வழிதான் அடிப்படை. ஆகவே அருவாமனை இரும்பின் வளைவு அதற்குச் சர்க்கரைப் பொங்கல். பக்கவாட்டில் எடுத்த புகைப்படத்தை அடியில் வைத்து, மேலே வளைகோடு இழுத்தேன். இதில் கை பழக ஒரு குறிப்பு: புள்ளி குறைவாக இருந்தால்தான் கோடு ஓடும். முதலில் இருபது புள்ளி வைத்தேன், இரும்பு வெயிலில் காயப்போட்ட அப்பளம் மாதிரி நெளிந்தது. ஆறாகக் குறைத்தேன், சாணை பிடித்த வயிறு அப்படியே வந்து நின்றது. என் மாடலில் எனக்குப் பிடித்த கோடு இன்றும் அதுதான்.

ரைனோவின் சோதனைப் பதிப்பு 90 நாள், முழு வசதியோடு. ஒரு செமஸ்டரின் பெரும்பகுதி அதில் ஓடிவிடும். 90 நாள் முடிந்தால் கோப்பைச் சேமிக்க விடாது, ஆகவே வேலை கொடுத்த அன்றைக்கு நிறுவுங்கள், செமஸ்டர் தொடங்கிய அன்றைக்கு வேண்டாம். மாணவர் உரிமம் ஒரே முறை காசு கட்டி வாங்குவது. வணிக விலையைவிடப் பலமடங்கு மலிவு என்றாலும் ஹாஸ்டல் மாணவிக்குக் காசுதான். இன்னொரு குறை, ஃபியூஷன் மாதிரி பின்னால் போய் ஒரு எண்ணை மாற்றி எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. தப்பு நடந்தால் அந்தப் பாகத்தை அழித்துவிட்டு மறுபடி போடவேண்டும். கீலையும் கண்ணால் பார்த்துத் திருப்பி வைக்கவேண்டியதுதான்.

வகுப்பில் அதிகம் பேர் கைவைத்தது பிளெண்டர். காரணம் எளிது: காசு கிடையாது, இன்றைக்கும் கிடையாது, நாளைக்கும் கிடையாது. பின்னால் இருந்த கம்பெனி மூடியபோது, 2002-ல் அதைப் பயன்படுத்தியவர்களே ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி மென்பொருளை மீட்டுப் பொதுவில் வைத்தார்கள். ஊர் கூடி இழுத்த தேர் என்று சொல்லலாம். தமிழில் பாடம் நடத்தும் காணொளிகளும் கிடைக்கின்றன. மஞ்சள் கறை, இரும்பின் கருமை, விளிம்பில் மட்டும் மின்னும் வெள்ளைக் கோடு, சமையலறை ஜன்னல் வெளிச்சம், இதெல்லாம் பிளெண்டரில் வருகிற மாதிரி மற்ற இரண்டிலும் வராது. குழியைத் தூரிகையால் தேய்த்தே உண்டாக்கலாம். உண்மையில், மிதித்து மிதித்துத் தேய்த்ததை மவுஸால் தேய்த்து உண்டாக்குவதில் ஒரு திருப்தி இருக்கிறது.

ஆனால் பிளெண்டர் அழகாகப் பொய் சொல்லும். ரெண்டரில், அதாவது வெளிச்சம் போட்டு அது வரைந்து தரும் படத்தில், மரம்போலவே மினுங்கும் பலகை, 3டி பிரிண்டருக்கு அனுப்பினால் ஓட்டை விழுந்த காகிதப்பெட்டி. மூடாத விளிம்பு, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த பரப்பு, உள்பக்கம் திரும்பிய முகம் என்று பட்டியல் வரும். அளவும் அப்படித்தான். அங்கே ஒரு அலகு என்பது ஒரு மீட்டர். பிரிண்டர் மென்பொருளோ வருகிற எண்ணை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதியில் அதைக் கவனிக்காமல் என் வகுப்புத் தோழி அனுப்பிய பொருள் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப் போய்ச் சேர்ந்தது. என் அருவாமனைக்கு அது நேர்ந்திருந்தால் 0.38 மி.மீ., கடுகைவிடச் சின்னது. திரையில் படம் மட்டும் போதும் என்றால் கவலையில்லை. அச்சிட்டுக் கையில் தரவேண்டும் என்றால் கடைசி இரண்டு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

நான்காவது வழி போன் கேமரா. பொருளைச் சுற்றி நூறு, நூற்றைம்பது படம் எடுத்துக் கொடுத்தால் மென்பொருளே வடிவத்தைக் கட்டிக் கொடுக்கும். போட்டோகிராமெட்ரி என்பார்கள். கேட்கும்போது மற்ற மூன்றும் எதற்கு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

மொட்டைமாடியில், வெயில் ஏறுமுன், செய்தித்தாள் விரித்து அதன்மேல் அருவாமனையை வைத்தேன். செய்தித்தாள் வேண்டுமென்றேதான், எழுத்தும் படமும் இருந்தால் ஒரு படத்தை இன்னொன்றோடு பொருத்த மென்பொருளுக்குப் பிடி கிடைக்கும். பொருளைச் சுழற்றக்கூடாது, நாம்தான் சுற்றவேண்டும். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் முக்கால் பங்காவது தெரியவேண்டும். மூன்று உயரத்தில் மூன்று சுற்று, 140 படம். பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலையும் வைத்தேன், படத்தை மட்டும் வைத்து மென்பொருளுக்கு நிஜ அளவு தெரியாது என்பதால்.

இரும்பின் விளிம்பு மின்னுகிறது, மின்னுவது இந்த வழிக்கு ஆகாது. முகப்பவுடர் தூவினால் சரியாகும் என்று படித்திருந்தேன். வீட்டில் பவுடர் தீர்ந்திருந்தது. விபூதி இருந்தது. இரும்பு முழுக்க விபூதியைப் பூசிவிட்டுக் கேமராவோடு நான் குந்திக்கொண்டிருந்தபோது மாடிக்கு வந்த அம்மாச்சி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். “ஏத்தா, ஆயுத பூசைக்கு இன்னும் நாளு கெடக்கே?”

விளைவு இரண்டு துண்டாக வந்தது என்று சொல்லவேண்டும். பலகை பிரமாதம். குழி, கறை, ஆணித்தலை, ஓரத்தில் எலி கடித்த இடம் வரைக்கும் அப்படியே. 35 புள்ளியை அளந்து நான் பட்ட பாட்டை இது கேலி செய்தது. இரும்போ நாய் மென்ற செருப்பு மாதிரி. மெல்லிய விளிம்பு இந்த வழிக்குப் பரம எதிரி. ஒரு பக்கம் பார்க்கும் படமும் மறுபக்கம் பார்க்கும் படமும் நடுவில் இருக்கும் மில்லிமீட்டர் கனத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கின்றன. துருவிப் பல் ஒன்றுகூடத் தனியாக நிற்கவில்லை, எல்லாம் சேர்ந்து ஒரு உருண்டை.

கணினி விஷயத்தையும் சொல்லவேண்டும். படங்களிலிருந்து வடிவம் கட்டும் மென்பொருளில் மெஷ்ரூம் இலவசம், நல்லது. ஆனால் முழு வேலை நடக்க என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். என் 8 ஜிபி லேப்டாப்பில் அது இல்லை, கல்லூரி லேபில் இரவு விட்டு வந்தேன். போன் ஆப்கள் படத்தைத் தங்கள் சர்வருக்கு அனுப்பிச் செய்துகொடுக்கும், லேப்டாப் எப்படி இருந்தாலும் கவலையில்லை. ஆனால் இலவசக் கணக்கில் கோப்பை வெளியே எடுக்கக் கட்டுப்பாடு வைப்பவை உண்டு. 140 படம் எடுக்குமுன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. வருகிற மெஷ், அதாவது வடிவத்தின் மேல்தோலாகப் பின்னிய வலை, லட்சக்கணக்கான முக்கோணம். அதை அப்படியே ஃபியூஷனில் திடப்பொருளாக மாற்றப் போனால் லேப்டாப் மூச்சுவிடாது. பிளெண்டரில் குறைத்துக்கொண்டுதான் அடுத்த அடி வைக்கவேண்டும்.

மற்ற மென்பொருள்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். டிங்கர்கேட் பள்ளிப் பிள்ளைகளுக்கு அருமை, இந்த வேலைக்குப் போதாது. ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும், பலவீனமான லேப்டாப்காரர்களுக்கு ஃபியூஷனுக்குப் பதில். இலவசத் திட்டத்தில் உங்கள் கோப்பு பொதுவில் இருக்கும், அது பரவாயில்லை என்றால். ஃப்ரீகேட் 2024-ல்தான் 1.0 பதிப்புக்கு வந்தது, பொறுமை உள்ளவர்கள் பார்க்கலாம். எனக்கு அவ்வளவு இல்லை.

இனி எதை எடுப்பது? என் கணக்கு இப்படி. பொருளைக் கையில் எடுத்து, இதில் எதை எடுத்துவிட்டால் இது வேறு யாருடையதோ ஆகிவிடும் என்று கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தைப் பிடிக்கும் மென்பொருள்தான் உங்களுடையது. மற்ற பாகம் சுமாராக வந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

தோழி ஒருத்தி அம்மாவின் அஞ்சறைப் பெட்டியை எடுத்தாள். பெயர்தான் ஐந்து அறை. எவர்சில்வரில் வாங்கினால் உள்ளே ஏழு கிண்ணம், நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவு வட்டம் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சரியாக ஆறுதான் உட்காரும். ஆகவே பெட்டியின் உள்விட்டம் கிண்ணத்தின் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு. ஃபியூஷனில் கிண்ண விட்டத்துக்கு மட்டும் ஒரு எண் கொடுத்து, மற்றதையெல்லாம் அதோடு கட்டிவிட்டாள். ஒரு எண்ணை மாற்றினால் நாலு பேர் வீட்டுப் பெட்டி கல்யாண வீட்டுப் பெட்டியாகும். இதைப் போன் கேமராவில் எடுத்திருந்தால் எவர்சில்வர் மின்னி ஒன்றுமே தேறியிருக்காது. இன்னொருவன் அப்பாவின் ஹவாய் செருப்பு. குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்து சாய்ந்த செருப்பு. அதற்குக் கேமராவைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். பனையோலைக் கொட்டான் எடுத்தவள் பிளெண்டரில் ஒரு ஓலையை நெய்து அதையே திரும்பத் திரும்ப அடுக்கினாள், சரி. தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைக் கேமராவில் எடுக்கப்போனவன் கண்ணாடி இல்லாத வெறும் ஃபிரேமோடு திரும்பினான். ஒளி ஊடுருவுவதும் மின்னுவதும் அந்த வழிக்கு ஒன்றுதான்.

சொம்பு எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பாதிக் கோடு வரைந்து சுழற்றினால் இருபது நிமிஷத்தில் சொம்பு நிற்கும், எந்த மென்பொருளிலும். அது சுலபம் என்பதுதான் ஆபத்து. உங்கள் வீட்டுச் சொம்பில் நெளிவு எங்கே இருக்கிறது என்று பார்த்து அதைச் செய்யாவிட்டால், அம்மாச்சி கேட்ட கேள்வியை வகுப்பிலும் கேட்பார்கள்.

என் அருவாமனைக்கு நான் கடைசியில் எடுத்த முடிவு கலப்பு. பலகையைக் கேமரா கொடுத்தது. இரும்பின் வளைவை ரைனோவில் இழுத்து, ஃபியூஷனுக்குக் கொண்டுபோய்க் கனமும் துருவிப் பல்லும் கீலும் கொடுத்தேன். இரண்டையும் பிளெண்டரில் சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினேன். மூன்று மென்பொருளில் கோப்பு கைமாறும்போதெல்லாம் அளவு சரிதானா என்று பார்க்க ஸ்கேலின் 30 செ.மீ. கூடவே வந்தது. இரண்டு வாரமே கையில் இருந்தால் இந்தக் கலப்பைச் சிபாரிசு செய்யமாட்டேன்; கேமராவும் பிளெண்டரும் போதும், கீல் அசையாவிட்டால் போகட்டும்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு அம்மாச்சியிடம் மறுபடி காட்டினேன். இந்த முறை யாரு வீட்டுது என்று கேட்கவில்லை. விரலால் திரையில் குழியைத் தடவினாள். மஞ்சள் கறையைப் பார்த்துச் சிரித்தாள். மாடலைச் சுழற்றிக் காட்டச் சொன்னாள். சுழற்றினேன். அடிப்பக்கம் வந்ததும் கையைப் பிடித்தாள்.

“அடியில ஒண்ணையும் காணோம்?”

காணோம்தான். செய்தித்தாள்மேல் வைத்து எடுத்த படத்தில் அடிப்பக்கம் எப்படி வரும்? மூளியாக, தட்டையாக மூடி வைத்திருந்தேன். கணினி வரைகலையில் ஆகப் பேர்போன வீட்டுப்பொருளுக்கும் முதலில் அடி கிடையாது என்பது அப்போது ஞாபகம் வந்தது. 1975-ல் அதே யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்ற ஆய்வாளர், மனைவி சாண்ட்ரா சொன்ன யோசனையில், வீட்டு டீ கெட்டிலைக் கட்டக் காகிதத்தில் வரைந்து கணினியில் ஏற்றினார். உலகம் முழுக்கச் சோதனைப் பொருளாகப் போன அந்தக் கெட்டிலின் முதல் தரவில் அடிப்பாகமே இல்லை. அசல் கெட்டில் இன்று கலிஃபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை அம்மாச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அதில் ஆர்வமில்லை.

“பலகை வெடிச்சப்ப ஒங்க தாத்தா அடியில ஒரு தகரத்த வச்சு நாலு ஆணி அடிச்சாரு. அது எங்க?”

அருவாமனையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். துருப்பிடித்த தகரத் துண்டு, எண்ணெய் டின்னில் வெட்டியது போலிருக்கிறது, பாதி எழுத்து இன்னும் தெரிகிறது. மூன்று ஆணிதான் இருந்தது. நாலாவது எப்போதோ விழுந்துவிட்டது போல. மறுநாள் காலையில் குப்புறப் போட்டு இன்னும் 60 படம் எடுத்தேன்.